ஆறாம் எண் அலாரம்

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண் பொய் சொல்லவில்லை. இந்த ஈரோட்டு ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் அவளைத் தவிர அது இரண்டே பேருக்குத்தான் தெரியும், எனக்கும், என் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருக்கிற எங்கள் எம்.டி. நாகமாணிக்கம் சாருக்கும். இந்த நேரத்தில் எப்படி ஸ்கோர் பார்க்க முடிகிறதோ தெரியவில்லை. மணி பதினொன்று ஐந்து. பதினொன்றரைக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். அந்த மூடிய கதவுக்குப் பின்னால் மருத்துவக் கண்காணிப்பாளர் டாக்டர் அம்பலவாணன் இன்னும் இரண்டு பேரோடு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போனதும் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். நான் சொல்கிற பதிலில் இந்தப் பெண்ணின் வேலை இருக்கிறது, அவள் தன்னை நர்ஸ் என்று சொல்லிக்கொள்கிற உரிமை இருக்கிறது, போலீஸ் வழக்குகூட இருக்கலாம். பெயர் ஜெபமலர், வயது இருபத்தாறு, ஊர் நாசரேத் பக்கம், பத்து நாளாக சஸ்பென்ஷன். இதெல்லாம் கோப்பில் படித்தது. கோப்பில் இல்லாதது, அவளுடைய இடது செருப்பின் வார் பிய்ந்துபோய் ஊக்கு குத்தியிருக்கிறாள். லிஃப்டிலிருந்து நான் வெளியே வந்ததும் எழுந்து கும்பிட்டாள். மெஷினைப் பற்றித் தெரிந்த அம்மா வந்துவிட்டாள், இனி நல்லது நடக்கும் என்று நினைத்திருப்பாள். நானும் கும்பிட்டேன். கை தானாகப் போய்விட்டது.

நடந்தது இவ்வளவுதான். ராசப்பன் என்று ஒருவர், ஐம்பத்து நான்கு வயது, மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர், சிறுநீரகத்தில் கிருமி பிடித்து அது ரத்தத்தில் கலந்து இங்கே ஐ.சி.யு.வுக்கு வந்தார். ரத்த அழுத்தம் விழுந்துவிடாமல் தூக்கிப் பிடிக்கிற மருந்து ஒன்று எங்கள் கம்பெனி செய்கிற பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாக அவர் உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. பட்டப்பகல் இரண்டு நாற்பதுக்கு அவரைப் புரட்டிப் படுக்க வைத்தபோது ட்யூப் கட்டில் கம்பியில் மாட்டி மடங்கிக்கொண்டது. பம்ப் அதைச் சரியாகக் கண்டுபிடித்தது, நின்றது, கத்தியது. திரையில் அடைப்பு என்று வந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அக்லூஷன் என்றுதான் வரும், நான் எனக்குள் தமிழில் சொல்லிக்கொள்கிறேன், தமிழில் சொன்னால் ஏனோ கொஞ்சம் தூரமாக இருக்கிறது, இல்லை, பொய், தமிழில் சொன்னால்தான் பக்கத்தில் வருகிறது. வந்தது லோ பேட்டரி. ஜெபமலர் ப்ளக்கைப் பார்த்தாள், சரியாக இருந்தது. சுவரில் சுவிட்ச் எரிந்தது. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி குறைந்தால் என்ன, ஏறிக்கொள்ளும் என்று யாரும் நினைப்பதைத்தான் நினைத்தாள். சத்தத்தை அணைத்தாள். நாலு நிமிஷத்தில் மறுபடி கத்தியது, மறுபடி அணைத்தாள். மூன்று முறை. அவளுக்கு நான்கு கட்டில்கள். பதினோராவது நிமிஷம் நாடித்துடிப்பைப் பார்த்து ஓடி வந்தபோது ராசப்பனின் அழுத்தம் தரையில் கிடந்தது. அன்று மாலை போய்விட்டார். பம்பின் நினைவில் இருந்த பதிவை எடுத்துப் பார்த்தார்கள், அதில் அடைப்பு என்று இருக்கிறது. நர்ஸ் லோ பேட்டரி என்கிறாள், மெஷின் அடைப்பு என்கிறது. மெஷின் ஏன் பொய் சொல்லப் போகிறது, நர்ஸுக்குத்தானே பொய் சொல்லக் காரணம் இருக்கிறது. டாக்டர் அம்பலவாணன் கேட்கப்போகிற கேள்வியை முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தார்: பதிவில் ஓர் அலாரமும் திரையில் வேறோர் அலாரமும் வர வாய்ப்பு உண்டா?

உண்டு. மூன்று எழுத்து. சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். ஆனால் உண்டு என்று சொன்னால் எப்படி என்று கேட்பார்கள், எப்படி என்று சொல்ல ஆரம்பித்தால் அது என் பட்டியலில் போய் நிற்கும், என் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, எந்த வரியை யார் எந்த நாள் எத்தனை மணிக்குச் சேர்த்தார்கள் என்று எல்லாம் இருக்கிறது, அப்படி இருக்க வேண்டும் என்று ஆபீஸில் சண்டை போட்டு ஏற்பாடு செய்தவளும் நான்தான். நான் நிரலராக வேலைக்குச் சேர்ந்தபோது பம்புக்குள் இரண்டு பட்டியல்கள் இருந்தன. மெஷினுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். அதனால் ஒரு பட்டியல் எண்களுக்கு, சைபர் என்றால் கோளாறு இல்லை, ஒன்று என்றால் கதவு திறந்திருக்கிறது, இரண்டு என்றால் காற்றுக் குமிழி, அப்படி. இன்னொரு பட்டியல் திரையில் காட்டுகிற பெயர்களுக்கு. இரண்டையும் கையால் எழுதி வைத்திருந்தார்கள். ஒருத்தன் எண்ணைச் சேர்த்துவிட்டுப் பெயரைச் சேர்க்க மறந்துவிடுவான், பிறகு கதவு திறந்தால் குமிழி என்று காட்டும். இதை நான் விடுவதாக இல்லை. சி மொழியில் மேக்ரோ என்று ஒன்று உண்டு. எழுதிய நிரலை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றுகிற கம்பைலர் படிப்பதற்கு முன்னால் வேறொன்று படிக்கும், அதற்கு மூளை கிடையாது, இந்தச் சொல் வந்தால் அந்த இடத்தில் இதைப் போடு என்றால் போடும், அவ்வளவுதான். நான் ஒரே பட்டியலாக எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் எக்ஸ் என்று ஓர் எழுத்து, அதற்குள் அலாரத்தின் பெயர். முதல் தடவை எக்ஸுக்கு, உள்ளே இருப்பதை எண்ணாக்கு என்று பொருள் சொல்வேன், பட்டியல் முழுவதும் சைபர் ஒன்று இரண்டு என்று எண்களாகிவிடும். பிறகு அந்தப் பொருளை மறந்துவிடு என்பேன், மறந்துவிடும். இரண்டாம் தடவை, உள்ளே இருப்பதை மேற்கோள் குறிக்குள் போடு என்பேன், அதே பட்டியல் பெயர்களாகிவிடும். ஒரு வரி சேர்த்தால் எண்ணும் வந்துவிடும், பெயரும் வந்துவிடும். மறக்கவே முடியாது. மீட்டிங்கில் எழுந்து நின்று சொன்னேன், இனி எண்ணும் பெயரும் பிரியவே பிரியாது என்று. கல்யாணத்தில் வாழ்த்துகிற மாதிரி இருக்குது கோகிலா என்று நாகமாணிக்கம் சார் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை ஆனபோது கோவையில் அவர் கட்டிலருகே எங்கள் பம்ப் நின்றது. பால் வண்டி ஓட்டிய மனுஷன், அந்தத் திரையைப் பார்த்து, இதுல எழுத்து வர்றது நீ பண்ணுனதா சாமி என்றார். ஆமாங்கப்பா என்றேன். நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் பேருக்குத் தலையாட்டிவிட்டுப் போனாள். அந்த நர்ஸின் முகம் எனக்கு ஞாபகமில்லை. எந்த நர்ஸின் முகமும் எனக்கு ஞாபகமிருந்ததில்லை, இப்போது ஒரு முகம் இருந்துவிடப் போகிறது, எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருக்கிறது. தண்ணீர் குடித்தேன். பாட்டில் மூடி சரியாக மாட்ட மாட்டேன் என்கிறது.

பட்டியலின் தலையில் நானே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். புது வரியைக் கடைசியில் மட்டும் சேர்க்கவும். காரணம் எழுதவில்லை. காரணம் எனக்குத் தெரியும், எனக்குத் தெரிந்தால் போதாதா. ரேஷன் கடை வரிசையில் நடுவில் ஒருத்தர் புகுந்தால் அவருக்குப் பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் ஓர் இடம் தள்ளிப் போகும், முன்னால் நிற்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இவ்வளவுதான் காரணம். போன மாதம் பை முடியப் போகிறது என்று ஒரு புது அலாரம் சேர்க்கச் சொன்னார்கள், மருந்துப் பை காலியாவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எச்சரிக்க. பட்டியலில் மூன்றாவது எண் பை காலி. அதற்கு அடுத்து அளவு தவறு, பிறகு அடைப்பு, பிறகு லோ பேட்டரி, அதற்குக் கீழே இன்னும் பதினான்கு. கடைசியில் கொண்டுபோய்ப் போட்டேன். பார்த்தேன். பை காலி மேலே கிடக்கிறது, பை முடியப் போகிறது எங்கேயோ அடியில் அநாதையாகக் கிடக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டிலும் அப்படித்தான், டம்ளர்கள் ஒரே திசையில் கவிழ்ந்திருக்க வேண்டும், துண்டு மடிப்பு வெளியே தெரியக் கூடாது, என் வீட்டுக்காரர் முருகேசு பொறுமையாக, நீ போன ஜென்மத்துல போலீஸ் அணிவகுப்புல இருந்திருப்ப என்பார். வரியை வெட்டி எடுத்து நான்காவது இடத்தில், பை காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக அழகாக நின்றன. குறிப்பு என்னுடையதுதானே, நான் மீறலாம். எண்ணும் பெயரும் ஒரே பட்டியலிலிருந்துதானே வருகின்றன, இடம் தள்ளினால் இரண்டும் சேர்ந்து தள்ளும். மேஜையில் இருந்த பம்பில் ஏற்றிச் சோதித்தேன், இருபத்தொரு கோளாறையும் ஒவ்வொன்றாக உண்டாக்கிப் பார்த்தேன், எல்லாம் சரியான பெயரோடு வந்தன. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

பம்புக்குள் மின்சுற்றுப் பலகைகள் இரண்டு. இதைத்தான் மறந்தேன். மறந்தேன் என்றால் அதுவும் பொய், இரண்டையும் வடிவமைத்த குழுவில் நானும் இருந்தேன். மருந்தைத் தள்ளுகிற பெரிய பலகை ஒன்று, திரையை ஓட்டுகிற சின்னப் பலகை ஒன்று. பெரியது சின்னதுக்குப் பெயரை அனுப்பாது, எண்ணை மட்டும் அனுப்பும். சின்னது தன்னிடம் இருக்கிற பட்டியலில் அந்த எண்ணைப் பார்த்துப் பெயரைக் காட்டும். என் மேஜையில் இரண்டிலும் புதுப் பட்டியல் இருந்தது. ஆஸ்பத்திரிகளில் அப்படியில்லை. சர்வீஸ் பார்க்கிற வெள்ளியங்கிரி பெரிய பலகைக்கு மட்டும் புதியதை ஏற்றிவிட்டு வந்தார், பின்னால் ஒரு வயரைச் சொருகினால் நாலு நிமிஷம். சின்னப் பலகைக்கு மூடியைக் கழற்ற வேண்டும், பன்னிரண்டு திருகாணி, ஒரு பம்புக்கு முக்கால் மணி நேரம், ஐ.சி.யு.வில் யார் விடுவார்கள். திரையில என்னங் மேடம் மாறுது, ஒண்ணும் மாறலியே என்று போனில் கேட்டார். திரையில ஒண்ணும் மாறலீங்க என்று நான்தான் சொன்னேன். அதனால் நாற்பத்தொரு பம்புகளில் பெரியது புதுசு, சின்னது பழசு. அடைப்பு வந்தால் பெரியது ஆறு என்று அனுப்பும். சின்னதின் பழைய பட்டியலில் ஆறு என்றால் லோ பேட்டரி. நான்காவது எண்ணுக்கு மேலே இருந்ததெல்லாம் சரியாக வந்தது, கதவு சரி, குமிழி சரி, பை காலி சரி, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. யாருக்கும் வரவில்லையா? ராசப்பன் சாவதற்கு ஒன்பது நாள் முன்னால் வெள்ளியங்கிரியிடமிருந்து வாட்ஸாப் வந்தது. மேடம், ஈரோட்டில் அளவு தவறு அலாரம் அடிக்கடி வருதாம், ஆனா அளவு சரியாத்தான் போகுதாம், நர்ஸுங்க சொல்றாங்க. நான்காம் எண். பை முடியப் போகும்போதெல்லாம் அளவு தவறு என்று காட்டியிருக்கிறது. இரண்டு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கிறேன் என்று எழுதி ஒரு கட்டைவிரல் படத்தையும் போட்டேன். மஞ்சள் கட்டைவிரல். அன்றைக்கு என்ன வேலையாக இருந்தேன் என்று பத்து நாளாக யோசிக்கிறேன், எதுவும் ஞாபகம் வரவில்லை. பெரிய வேலை ஒன்றும் இல்லை. நர்ஸுங்க சொல்றாங்க என்றால் இவளும் சொல்லியிருப்பாளோ. இவளேதான் சொன்னாளோ.

போன செவ்வாய்க்கிழமை அந்த பம்ப் எங்கள் ஆபீஸுக்கு வந்தது, ஆய்வுக்காக ஆஸ்பத்திரியே அனுப்பியது. பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மேலே ராசப்பனின் கட்டில் எண்ணை எழுதிய சீட்டோடு. மேஜையில் வைத்து ட்யூபை விரலால் அழுத்தினேன். கத்தியது. திரையில் லோ பேட்டரி. இன்னொரு தடவை அழுத்தினேன். லோ பேட்டரி. எத்தனை தடவை அழுத்தினேனோ தெரியாது, விரலில் கோடு விழுந்துவிட்டது. பிறகு மாடிக்குப் போய் நாகமாணிக்கம் சாரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், வாட்ஸாப்பைத் தவிர. அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. கதவைச் சாத்தினார், டீ சொன்னார், டீ வருகிற வரைக்கும் ஜன்னல் வழியாக அவிநாசி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க பாருங்க கோகிலா, பதிவுல என்ன இருக்குதோ அதைத்தான் நாம சொல்லப்போறோம். பொய்யா ஏதாச்சும் சொல்றமா? இல்லீங்கல்ல. அந்தப் புள்ள மூணு தடவை அலாரத்தை அணைச்சிருக்குது. அதுவும் உண்மைதானுங்களே." ஆமாங்க சார் என்றேன். "முப்பத்தஞ்சு குடும்பமுங்க நம்ம கம்பெனி. பேரு கெட்டா நாளைக்கு ஒருத்தனும் வாங்க மாட்டான். அந்தப் புள்ளைக்கு என்ன, சின்ன வயசு, கேரளா, கல்ஃபுன்னு எங்கியாச்சும் போயிக்கும்." உரிமத்தைப் பிடுங்கிய பிறகு எந்த கல்ஃப், என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "மத்த நாப்பதையும் வெள்ளியங்கிரி இந்த வாரத்துலயே முடிச்சிருவான், ரொட்டீன் சர்வீஸுன்னு சொல்லிக்கலாம். இனி ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாது. நீங்க இந்த பம்பையும் புதுசு பண்ணி உறைல போட்டுருங்க." கீழே வந்தேன். அந்தப் பன்னிரண்டு திருகாணியையும் நான்தான் கழற்றினேன், வேறு யாரையும் தொடவிடவில்லை. புதியதை ஏற்ற நாற்பது விநாடி ஆனது. திரை ஒரு தடவை அணைந்து எரிந்தது. ட்யூபை அழுத்தினேன். அடைப்பு. அப்போது, இதை யாரிடமும் சொல்ல முடியாது, அப்போது ஒரு விநாடி எனக்கு நிம்மதியாக இருந்தது, கோளாறு சரியானால் வருமே அந்த நிம்மதி, இருபது வருஷப் பழக்கம், பிழை போய்விட்டது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று. திருகாணிகளைத் திரும்ப முடுக்கும்போதுதான் நான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அந்தப் பெண் சொல்வது உண்மை என்பதற்கு அன்று அங்கே இருந்த ஒரே சாட்சியை அழித்துவிட்டேன். இனி என் வாய்தான் சாட்சி.

ஊசி மருந்தும் பினாயிலும் கலந்த வாசனை, எங்கேயோ ட்ராலி சக்கரம் கிறீச்சிடுகிறது, நாகமாணிக்கம் சார் எழுந்து போன் பேசிக்கொண்டு லிஃப்ட் பக்கம் போகிறார். போகாதீர்கள் சார் என்று சொல்லத் தோன்றுகிறது. அவர் நகர்ந்ததும் ஜெபமலர் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்காருகிறாள். நான் பையைத் திறந்து எதையோ தேடுகிறேன். "மேடம், நீங்கதான் அந்த மெஷினுக்கு எழுதுனவங்களா?" ஆமாம் என்கிறேன். "மூணு தடவையும் ப்ளக்க பாத்தேன் மேடம். கையால அமுக்கி அமுக்கி பாத்தேன். அக்லூஷன்னு வந்திருந்தா ட்யூபத்தான மேடம் மொதல்ல பாப்போம்? அது எங்களுக்குப் படிக்கும்போதே சொல்லிக் குடுத்தது. யாரும் நம்ப மாட்டேங்காவ." தெரியும் என்று சொல்ல வாய் வருகிறது. தெரியும்மா, நீ சொல்வது சரி, நான் விரலில் கோடு விழுகிற வரைக்கும் அழுத்திப் பார்த்தேன். "உள்ள கேப்பாங்க, சொல்லுவோம்" என்கிறேன். என்ன சொல்வோம்? அவள் தலையாட்டுகிறாள். "அந்த ஐயா வீட்டம்மா அன்னைக்கி என் கையப் பிடிச்சிட்டு, நீ பாத்துக்கம்மான்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனாவ மேடம். அதான் ஒறக்கமே வரமாட்டேங்கு." அவள் கை என் நாற்காலியின் கைப்பிடியில் இருக்கிறது, நகங்கள் ஒட்ட வெட்டியிருக்கின்றன, விரல்கள் மருந்து நீரில் ஊறிச் சுருங்கினவை. இந்தக் கைதான் மூன்று முறை அணைத்தது. அணைத்தாள் அல்லவா. எத்தனை முறை இந்த இடத்தில் வந்து பிடித்துக்கொள்கிறேன், அணைத்தாள் அல்லவா, அவளும்தான் அணைத்தாள், லோ பேட்டரி என்றாலும் அணைக்கலாமா, யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே. பிறகு இந்தப் பிடி வழுக்கிவிடுகிறது. நானாக இருந்தாலும் அணைத்திருப்பேன். நாகமாணிக்கம் சார் திரும்பி வருகிறார், அவள் அவசரமாக எழுந்து தன் நாற்காலிக்குப் போய்விடுகிறாள், ஏதோ தப்புச் செய்த மாதிரி.

சொல்லிவிடலாம். எழுந்து உள்ளே போய் மூன்று வாக்கியம். சார், திரைக்கும் பம்புக்கும் தனித்தனிப் பலகை. திரையில் பழைய பட்டியல் இருந்தது. இந்தப் பெண் பார்த்தது உண்மை. அதற்கப்புறம்? பம்பை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். அங்கேதான் சிக்குகிறது, ஒவ்வொரு தடவையும் அங்கேதான். தவறு செய்ததை மன்னிப்பார்கள், உலகத்தில் தவறு செய்யாத நிரலர் உண்டா, ஆனால் பன்னிரண்டு திருகாணியைக் கழற்றி மறுபடி முடுக்கியதை யார் மன்னிப்பார்கள். ஜெயில். பெண்கள் சிறை கோவையில் எங்கே இருக்கிறது, பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன், உயரமான மதில், அந்த மதிலை ஒட்டி இளநீர் கடை. முருகேசு அந்தக் கடை நிழலில் நிற்பாரா. செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் சொல்லியிருந்தால் நான் பிழை செய்தவள். இன்றைக்குச் சொன்னால் சாட்சியை அழித்தவள். சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை, அடுத்த மாதம் சம்பளம், டம்ளர்கள், துண்டுகள். அதே சம்பவங்கள்தான், ட்யூப் மடங்கியது, பம்ப் கத்தியது, நர்ஸ் அணைத்தாள், ஒருவர் செத்தார். பட்டியல் ஒன்றுதான், எந்த எக்ஸைக் கொடுத்து விரிக்கிறேனோ அப்படி விரியும், ஒரு விதமாக விரித்தால் கவனக்குறைவான நர்ஸ், இன்னொரு விதமாக விரித்தால் கோகிலவாணி. சேச்சே, மனுஷி செத்த கதைக்கும் நிரலா. மனுஷன். செத்தது மனுஷன். இப்போது நான் யாரைச் செத்தவள் என்று நினைத்தேன்? எனக்கு வியர்க்கிறது, ஏ.சி. ஓடுகிறது, எனக்கு வியர்க்கிறது. சொல்லிவிடுவேன். இல்லை, உள்ளே போய் அவர் முகத்தைப் பார்த்ததும் தானாக வந்துவிடும், கும்பிடு வந்த மாதிரி, கை தானாகப் போன மாதிரி வாயும் போய்விடும். அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன். உண்மை தானாக வந்துவிட வேண்டும், நான் அதைச் சொன்னதாக இருக்கக் கூடாது. நல்ல ஏற்பாடு.

கதவு திறக்கிறது. மூன்று பேரையும் ஒன்றாகவே கூப்பிடுகிறார்கள். அறை எதிர்பார்த்ததைவிடச் சின்னது, மேஜை மேல் பாதி தின்ற பிஸ்கட் தட்டு. டாக்டர் அம்பலவாணன் வயதானவர், நல்ல முகம், நல்ல முகம் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். "உக்காருங்கம்மா. உங்களை ரொம்ப நேரம் வெச்சுக்க மாட்டேன். பதிவுல அக்லூஷன்னு இருக்கு. இந்தப் பொண்ணு லோ பேட்டரின்னு பாத்ததா சொல்லுது. திரையில வேற பேரு வர வாய்ப்பு உண்டா?" எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். ஜெபமலர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை மாதிரி. நாகமாணிக்கம் சார் என்னைப் பார்க்கவில்லை, பிஸ்கட்டைப் பார்க்கிறார். வாய் திறக்கிறது. வந்துவிடும், இதோ வந்துவிடும். "வாய்ப்பில்லைங்க சார்" என்கிறது என் குரல், மீட்டிங்கில் பேசுகிற குரல், தெளிவாக, இடறாமல். "எண்ணும் பேரும் ஒரே பட்டியல்லருந்துதான் உருவாகுது. தனித்தனியா மாறவே முடியாது. அதுக்காகவே அப்படி எழுதியிருக்கோம்." டாக்டர் மெல்லத் தலையாட்டுகிறார். கேட்க விரும்பாததைக் கேட்டவர் போல ஒரு மூச்சு விடுகிறார். "நீ என்னம்மா சொல்ற?" அவள் கத்துவாள் என்று நினைக்கிறேன், என் மேல் பாய வேண்டும், என் தலைமயிரைப் பிடிக்க வேண்டும், அப்போதாவது சொல்லிவிடுவேன், சத்தியமாகச் சொல்லிவிடுவேன். அவள் என்னைப் பார்க்கிறாள். கோபமில்லை. யோசிக்கிறாள். அவள் கண் எங்கேயோ போய், அந்தக் கட்டிலருகே போய், அந்தத் திரையை மறுபடி பார்த்துவிட்டுத் திரும்பி வருவது எனக்குத் தெரிகிறது. "மேடம் அத எழுதுனவங்க சார், அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறாள். "அன்னைக்கி நாலு பெட்டு. எனக்குத்தான் தப்பாத் தெரிஞ்சிருக்கு போல." இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் இது. இதுதான் கடைசி இடம். நானும் பிஸ்கட் தட்டைப் பார்க்கிறேன். டாக்டர் ஒரு தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்துகிறார், இப்ப சொன்னதை உன் கைப்பட எழுதிக் குடுத்துரும்மா என்கிறார், குரல் கனிவாகத்தான் இருக்கிறது. அவள் தாளை நேராக்கி வைத்துக்கொண்டு எழுத ஆரம்பிக்கிறாள். இரண்டு வரி எழுதியதும் நிறுத்துகிறாள். நிமிர்ந்து, டாக்டரை விட்டுவிட்டு என்னிடம் கேட்கிறாள். "மேடம், திரையில நான் பாத்தது என்ன பேருன்னு எழுதணும்?"

சொன்னேன். அக்லூஷன் என்று எழுதிக்கொண்டாள்.